ரயிலடியார் பீச் காட்டுகிறார்

சிவனடியாரைத் தெரியும் உங்களுக்கு. ரயிலடியாரைத் தெரியுமா? தெரியும், பெயர்தான் தெரியாது. வருஷம் பூராவும் அவர் நம்மைப் போலவே கடைக்குப் போவார், சாப்பிடுவார், தூங்குவார், தேர்தலைப் பற்றி அபிப்பிராயம் சொல்வார். நாலு நாள் லீவு கிடைத்தால்தான் சுயரூபம் வெளிப்படும். நீங்களும் நானும் ஊர் பார்க்க ரயிலில் போகிறோம். அவர் ரயில் பார்க்க ஊருக்குப் போகிறார்.

புது ஊரில் இறங்கியதும் நல்ல ஓட்டல் எது, கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்துவார்கள் என்று மனிதர்கள் கேட்பார்கள். ரயிலடியார், "எஞ்சின் ஷெட் எந்தப் பக்கம்?" என்று கேட்பார். ஆக்ராவுக்குப் போய் வந்தவரிடம் தாஜ்மகால் எப்படி இருந்தது என்று விசாரித்துப் பாருங்கள். அங்கே எத்தனை ரயில் கம்பெனிகளின் லயன்கள் வந்து சேருகின்றன என்று அரை மணி நேரம் விளக்குவார். கடைத்தெருவில் இறக்கிவிட்டால், ஆயிரம் கடைகளுக்கு நடுவே சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரயில் வைத்திருக்கிற ஒரே கடைக்கு யாரையும் வழி கேட்காமல் போய்ச் சேருவார். "குழந்தைக்கா?" என்று கடைக்காரர் கேட்பார். "ஆமாம்" என்பார். அவருக்குக் கல்யாணமே ஆகாமலும் இருக்கலாம்.

என் சகலை வெள்ளத்துரைக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. ஆறு வயதில் மகனும் இருக்கிறான். அவனுக்கென்று வாங்கிய மூன்று ரயில்களும் அவன் கைக்கு எட்டாத பீரோவின் மேல் பத்திரமாக இருக்கின்றன. விருதுநகரில் பலசரக்குக் கடை. மனைவி தங்கபுஷ்பம் என் மனைவியின் தங்கை. அவள் கடலைப் பார்த்ததே இல்லை. திருச்செந்தூருக்கு இரண்டு தடவை புறப்பட்டாள். இரண்டு தடவையும் வெள்ளத்துரை மணியாச்சியில் எஞ்சின் தண்ணீர் பிடிப்பதைப் பார்க்க இறங்கினார், ஏற மறந்தார், மனைவியும் மூட்டையோடு இறங்க வேண்டியதாயிற்று.

எம். அண்ட் எஸ். எம்., எஸ். ஐ. ஆர். என்ற ரயில்வேக்களை ஒன்றாக்கிச் சதர்ன் ரயில்வே என்று பெயர் வைத்ததற்கு மறு வருஷம், இராயபுரத்தில் என் வீட்டில் நாலு நாள் தங்கப்போவதாகக் கடிதம் போட்டார். "இந்தத் தடவை தங்கபுஷ்பத்துக்குக் கட்டாயம் பீச் காட்டுகிறேன்" என்று அடியில் கோடு போட்டு எழுதியிருந்தார். அவள் மகனைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரிகளுக்குச் சிப்பி பொறுக்கிக்கொண்டு போக ஒரு சுருக்குப் பையே தைத்திருந்தாள்.

முதல் நாள் இராயபுரம் ஸ்டேஷன். தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்ட இடம் அல்லவா? வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். தூண் தூணாகத் தடவிக்கொண்டே போனார். தூணில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த ஆசாமி எழுந்து தூரப் போய் உட்கார்ந்தான்.

இரண்டாம் நாள், "கிளம்பு, பீச்சுக்கு!" என்றார். தங்கபுஷ்பம் புதுச் சேலை கட்டிக்கொண்டு, சுருக்குப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். கொண்டுபோய் நிறுத்தினார் பீச் ஸ்டேஷனில்.

நீங்கள் சந்தேகப்பட வேண்டாம். அவர் ஏமாற்றவில்லை. பட்டணம் முழுவதற்கும் பீச் என்றால் மணலும் சுண்டலும். ரயிலடியாருக்குப் பீச் என்றால், தாம்பரத்துக்கு மின்சார வண்டி புறப்படும் ஸ்டேஷன். வேறு அர்த்தம் இருக்கலாம் என்பதே அவர் மனத்தில் உதிக்கவில்லை. அந்த ஸ்டேஷனில் கடலைத் தவிர எல்லாம் இருந்தது.

"கடல் எங்கங்க?" என்றாள்.

"அந்தா, அந்த ஹார்பர் சுவத்துக்குப் பின்னால. அதுக்கு என்ன அவசரம்? வண்டின்னா போயிரும். கடல் அங்கனயேதான கெடக்கும்?"

தாம்பரத்துக்கு இரண்டு தடவை போய் இரண்டு தடவை திரும்பினோம். அவள் பையை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். எனக்கே சங்கடமாக இருந்தது.

மூன்றாம் நாள் மீஞ்சூர். கல்கத்தா மெயில் அங்கே நிற்காமல் போகுமாம்; நிற்காமல் போவதைப் பார்க்க நாங்கள் மூன்று மணி நேரம் நின்றோம். திரும்பும்போது, எண்ணூர் பக்கம் ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் ஏதோ நீலமாகத் தெரிய, தங்கபுஷ்பம் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்க, அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வந்தது. இவர் நோட்டை எடுத்து எஞ்சின் நம்பரைக் குறித்துக்கொண்டார். கூட்ஸ் போய் முடிந்தபோது நீலமும் முடிந்திருந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் எழும்பூரில் வண்டி. என் மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "இன்னைக்கு என் தங்கச்சி கடலைப் பார்க்காம ரயிலேறுனா, ரெண்டு பேருக்கும் இந்த வீட்டுல சோறு கெடையாது" என்றாள். இரண்டு பேரில் நான் எப்படிச் சேர்ந்தேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். எங்கள் தெருவிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். நடுவில் ஹார்பருக்குப் போகிற லயனும், அதற்கு ஒரு கேட்டும் உண்டு. கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் ஒன்று நின்றது.

"நாப்பத்திரண்டு வேகன்!" என்றார் வெள்ளத்துரை. நாற்பத்து மூன்று, கடைசியில் வருகிற கார்டு பெட்டியைச் சேர்க்காமல். நான் எண்ணினேன் என்பதல்ல, கண்ணில் பட்டது.

கூட்ஸ் நாலு அடி நகரும், நிற்கும், பின்னால் வரும். வேகன்களின் இடுக்கில் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. கேட்டுக்குப் பக்கத்தில் அத்தாவுல்லாவின் கடை. கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகிற சாமான்களை வாங்கி விற்கிறவர். அங்கே, உடைந்த கடிகாரத்துக்கும் ஒற்றைப் பூட்ஸுக்கும் நடுவில், பச்சை வர்ணம் அடித்த ஒரு தகர எஞ்சின். ரயிலடியார் அடுத்த நொடி கடைக்குள் இருந்தார்.

"இன்னா நைனா, கொயந்தைக்கா?"

"ஆமா பாய்."

"சீமைச் சரக்கு. சாவி குட்த்தா அப்டியே பறக்கும். தண்டவாளம் மட்டும் அரை வட்டம்தான் கீது."

"அரை வட்டத்துல எப்படி ஓடும்?"

"ஓடிக்கினே வந்து கீய வுயும். எட்த்து வுடு. இதுல இன்னா பேஜாரு?"

ஓடியது, விழுந்தது, எடுத்து விட்டார். அந்த நேரத்தில் கூட்ஸ் நகர்ந்து கேட் திறந்தது.

"ஏங்க! தெறந்துட்டாக!"

"ஒரு நிமிசம். இன்னொரு தடவை விழட்டும்."

காசிமேட்டுக்கு மீன் வாங்கக் கூடையோடு போய்க்கொண்டிருந்த எங்கள் எதிர் வீட்டுச் சிலுவையம்மாள் இதைப் பார்த்துவிட்டாள். "இன்னா கண்ணு, ஊருக்குப் போற நாளு, இன்னுமா கடலப் பாக்கல? தோ கீது. அந்த ஆளு வெளாடிக்கினு கெடக்கட்டும், நீ வா, நா இட்டுகினு போறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் தாண்டியதும் கேட் மறுபடி விழுந்தது. கூட்ஸ் வந்து நடுவில் நின்றது.

தகர எஞ்சினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெள்ளத்துரை வெளியே வந்தபோது, பெண்டாட்டியை அந்தப் பக்கம் விட்டு இந்தப் பக்கம் நின்றார். அப்படியே ஒரு மணி நேரம். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் ஒரு ரயிலைத் திட்டி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கேட் திறந்ததும் ஓடினோம். தங்கபுஷ்பம் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாள். சேலை நனைந்திருந்தது, சுருக்குப் பை புடைத்திருந்தது. முகமெல்லாம் சந்தோஷம்.

"தங்கபுஷ்பம்! எழும்பூர் வண்டிக்கு நேரமாச்சு! வா!"

அவள் திரும்பவில்லை. வரும் அலைகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டு... செத்த இருங்க. இன்னும் கார்டு பெட்டி வரல."

அன்றைக்கு அந்தக் கார்டு பெட்டி வரவேயில்லை. எழும்பூர் வண்டி போய்விட்டது. சரி, ரயிலடியார் திருந்தினாரா என்று கேட்பீர்கள். நெற்றியில் கைவைத்து மணலில் உட்கார்ந்தவர், கொஞ்ச நேரத்தில் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். "சகலை, இங்கனயிருந்து பாத்தா எஞ்சின் முழுசாத் தெரியுது!" என்றார். நோட்டை எடுத்தார்.

இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். நல்லது. ஆனால் அந்த எஞ்சின் நம்பரை நான் உங்களுக்குச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? "அட, ஆமாம், என்ன நம்பர்?" என்று இப்போது உள்ளே ஒரு மூலையில் அரித்தால், அடுத்த லீவுக்கு வீட்டுக்காரியைச் சிலுவையம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு நேரே கேட்டுக்கு வாருங்கள். நம்பர் என்னிடம் இருக்கிறது. சாயங்காலங்களில் நான் அங்கேதான் நிற்பேன்.