வெள்ளாறு கோப்பையைப் புறக்கணித்த செயலாளர்

மஞ்சக்குப்பம், கடலூர்.
புதன்கிழமை.

அன்புள்ள மச்சான் இளவரசுவுக்கு,

உன் மாமா கொளஞ்சி எழுதுவது. இங்கு நானும் உன் அக்காள் மலர்க்கொடியும் ஒரே வீட்டில் தனித்தனியாக நலம். அங்கு நீயும் சத்யப்பிரியாவும் குழந்தை சுவேதாவும் சேர்ந்தே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது மாமா எதற்குப் பேப்பரும் பேனாவும் எடுத்தார் என்று நீ யோசிப்பாய். சிதம்பரம் மேல வீதிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, யார் போன் பண்ணினாலும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டே பேசுகிறவன் நீ. போன பொங்கலுக்கு எனக்கு மூலத் தொந்தரவு என்று உன்னிடம் மட்டும் சொன்னேன். எதிர்க்கடையில் பூக் கட்டுகிற அம்மா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் மோர் குடிக்கச் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதலாமென்றால் எங்கள் மன்றத்து ஆட்களுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுப்பதைத் தவிர வேறு தொழில் கிடையாது. ஆகவே கடிதம். படித்துவிட்டுக் கடையில் வைக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆன கையோடு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கெடிலம் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகர் மன்றத்துக்கு என்னைச் செயலாளராகப் பிடித்துப் போட்டார்கள். அந்த அணி இரண்டாம் டிவிஷனில் ஆடுகிறது. மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற மாடு மாதிரி அங்கேயே நிற்கும். இப்படிப்பட்ட சின்ன அணிகளுக்கென்றே இருந்தது வெள்ளாறு கோப்பை. நாங்களும் நெல்லிக்குப்பமும் சேத்தியாத்தோப்பும் எங்களுக்குள் அடித்துக்கொண்டு, யாராவது ஒருத்தர் தூக்கிக்கொண்டு போவோம். இந்த வருஷம் என்ன செய்தார்கள் என்றால், கோப்பைக்கு முன்னால் ஓர் அப்பளக் கம்பெனியின் பெயரை ஒட்டினார்கள். அதைப் பொறுத்துக்கொண்டோம். பிறகு சென்னையில் இருக்கிற பெரிய கால்பந்து அகாடமிகளின் ஜூனியர் டீம்களையும் உள்ளே சேர்த்துவிட்டார்கள். எதற்காம்? அந்தப் பிள்ளைகளுக்கு முரட்டு ஆட்டம் பழகவேண்டுமாம். அதாவது எங்கள் அணி ஆடுவது ஜெயிப்பதற்கு இல்லை, பணக்காரப் பிள்ளைகள் பந்தை அடித்துப் பழகுவதற்கு ஒரு சுவர்.

இதற்குக் கூட்டம் போட்டோம். எங்கள் தலைவர் சிங்காரத்தின் பரோட்டாக் கடை மாடியில்தான் கூட்டம். கீழே கொத்து பரோட்டா போடுகிற சத்தத்தில், மேலே யார் ஆதரவு யார் எதிர்ப்பு என்று யாருக்கும் தெரியாது. கோப்பையை மொத்தமாகப் புறக்கணிக்க வேண்டும் என்று முதலில் எழுந்தவர் அறிவுமதி. காலேஜில் தற்காலிக விரிவுரையாளர். அவருடைய வேலைதான் தற்காலிகம், பேச்சு நிரந்தரம். "வெளிநாட்டுல இதே மாதிரி பண்ணப்ப ரசிகருங்க ஸ்டேடியத்தையே காலியா வுட்டாங்க சார். காலி நாற்காலிதான் பெரிய கோஷம்" என்றார். எங்கள் மைதானங்களில் நாற்காலியே கிடையாது என்று சொல்ல வாயைத் திறந்தேன், கீழே கரண்டி கொத்த ஆரம்பித்துவிட்டது. மேளம் அடிக்கிற ஆண்டி அண்ணன் புறக்கணிப்புக்கு எதிர்ப்பு. அவர் சொன்ன காரணம், "ஞாயித்துக்கிழமை எனக்கு வேற போக்கிடம் இல்லப்பா." கடைசியில் எல்லோரும் களைத்துப்போய், பரோட்டா ஆறிவிடும் என்ற ஒரே கவலையில் புறக்கணிப்புக்குக் கை தூக்கினார்கள். தீர்மானத்தை எழுதும் பொறுப்பு என் தலையில்.

மச்சான், பேனா கையில் கிடைத்தால் எனக்கு நிதானம் இருக்காது. இது உனக்குத் தெரியும், உன் கல்யாணப் பத்திரிகையை நான்தான் எழுதினேன். "போகமாட்டோம்" என்று ஒரு வரியில் முடிக்கவேண்டியதை, "வெள்ளாறு கோப்பை நடைபெறும் எந்த மைதானத்திலும் மன்ற உறுப்பினர் எவரும் காலடி எடுத்து வையார்" என்று எழுதினேன். அதோடு விட்டேனா? எழுத்து நன்றாக ஓடுகிறதே என்று, "வைப்பவர் ஆயுட்காலம் முழுவதும் நீக்கப்படுவார், அன்னாருடன் மன்றத்தார் டீ கூட அருந்தார்" என்றும் சேர்த்தேன். படித்துக் காட்டியபோது கை தட்டினார்கள். அறிவுமதி எழுந்து வந்து கை கொடுத்தார். நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தால், சித்தார்த் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறான். "அப்பா, ஞாயித்துக்கிழமை நாந்தான் கோல் கீப்பர்" என்கிறான்.

உனக்குப் பந்து விஷயம் புரியாது என்பதால் விளக்கிச் சொல்கிறேன். எங்கள் அணிக்கு ஒரு கோல் கீப்பர் இருக்கிறான், பாண்டிச்சேரிப் பையன், கல்லு மாதிரி. அவனுக்குக் காய்ச்சலே வராது. ஆகையால் உன் மருமகன் சித்தார்த், அணியில் சேர்ந்த நாள் முதல் ஓரத்து பெஞ்சில் கிளவுஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு ஆட்டமும் ஆடியதில்லை. இந்த மாதிரிச் சின்னக் கோப்பையில்தான் பெரிய ஆட்களுக்கு ஓய்வு கொடுத்து பெஞ்சில் இருப்பவனை இறக்குவார்கள். அதுவும் எங்கே? உங்கள் சிதம்பரத்து மைதானத்தில், ஓர் அகாடமி டீமோடு. அடுத்த மாதம் அவன் ஓசூரில் வேலைக்குச் சேருகிறான். தோற்றால் வெளியே என்கிற ஆட்டம் இது, அந்தப் பிள்ளைகளை நாங்கள் ஜெயிக்கப்போவதுமில்லை. அவன் ஆடப்போகிற முதல் ஆட்டமும் கடைசி ஆட்டமும் இது ஒன்றுதான் மச்சான். அதற்கு யாரும் போகக்கூடாது என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தவன் நான்.

காலையில் ஓடினேன். தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று அவசரக் கூட்டம் கூட்டினேன். என் பிள்ளை ஆடுகிறான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் சுற்றி வளைத்து, மைதானத்துக்கு வெளியே நின்று பார்த்தால் அது காலடி வைத்ததாகுமா என்று பொதுவாகக் கேட்டு வைத்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். சுவர் மேல் உட்கார்ந்தால் எந்தக் கால் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று ஒரு விவாதம். பேஸ்புக் லைவில் பார்ப்பது துரோகமா, லைக் போட்டால்தான் துரோகமா என்று ஒரு விவாதம். ஆண்டி அண்ணன் எழுந்து, "ஆளுதானே போவக்கூடாது, மேளம் போலாமா? வேற யார் கையிலயாவது குடுத்து வுடறேன்" என்றார். அறிவுமதி, நாம் எல்லோரும் வேன் எடுத்துக்கொண்டு சிதம்பரம் போய் மைதான வாசலில் நின்று, உள்ளே போகாமல் திரும்பினால்தான் புறக்கணிப்பு எடுபடும் என்றார். சிங்காரம் கடுப்பாகிவிட்டார். "போவாம இருக்கறதுக்கு எதுக்குய்யா அவ்ளோ தூரம் போவணும்? நான் இங்கியே கல்லாவுல உக்காந்துக்கிட்டு போவாம இருக்கேன், செலவு மிச்சம்" என்றார்.

பொறுக்கமுடியாமல் உண்மையைப் போட்டு உடைத்தேன். என் பையன் ஆடுகிறான், நான் பார்க்கவேண்டும் என்றேன். கீழே கரண்டிகூட நின்றுவிட்டது. சரி, இரக்கப்பட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அறிவுமதி கண் கலங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இதவிடப் பெரிய தியாகம் எந்த ஊர்லயும் நடந்திருக்காது. பெத்த புள்ளையோட ஆட்டத்தையே புறக்கணிக்கிறீங்க" என்றார். நான் எங்கே புறக்கணித்தேன்? வாயே திறக்க விடவில்லை. மறுநாள் பொழுது விடிந்து பால் வாங்கப் போனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் நிற்கிறது. என் பணி நிறைவு விழாவில் கழுத்தில் மாலையோடு எடுத்த போட்டோ. அதற்குக் கீழே "தியாகச் செம்மல் கொளஞ்சி" என்று பெரிதாகப் போட்டு, புறக்கணிப்பு என்ற வார்த்தையை எறும்பு சைஸில் போட்டிருக்கிறார்கள். மாலை போட்ட போட்டோவைப் பார்த்தால் நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? மேல்பட்டாம்பாக்கத்து இருசம்மாள் அத்தை, ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அதைப் பார்த்துவிட்டு, தெரு முனையிலிருந்தே ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தார். நான் கைலியோடு டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "படுபாவி, உசுரோடதான் இருக்கிறியா" என்று திட்டிவிட்டு, வாங்கி வந்த மாலையை வீணாக்கக்கூடாதென்று எங்கள் வீட்டுச் சாமி படத்துக்கே போட்டுவிட்டுப் போனார். அன்று மத்தியானம் வரைக்கும் துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சிலருக்கு என்னைப் பார்த்ததும் முகத்தில் ஏமாற்றமே தெரிந்தது.

உன் அக்காள் அன்றைக்குப் பேச்சை நிறுத்தினவள்தான். சோறு வருகிறது, குழம்பு வருகிறது, பேச்சு மட்டும் வரவில்லை. தட்டு தரையில் விழுகிற சத்தத்தை வைத்துத்தான் இன்று கோபம் ஜாஸ்தியா கம்மியா என்று கணிக்கிறேன். சித்தார்த் கோபப்பட்டிருந்தாலும் தேவலை. "பரவால்லப்பா, பெஞ்சுல உக்காந்திருந்தப்பவும் என்னை யாரும் பாக்கல. இப்ப ஆடறப்பவும் யாரும் பாக்கல. பழகினதுதானே" என்று சிரித்துவிட்டு, கிளவுஸை அலசிக் கொடியில் காயப்போட்டான். மச்சான், வாழ்நாளெல்லாம் பஸ்ஸை நேரத்துக்கு அனுப்பிய எனக்கு, பெற்ற பிள்ளைக்காக ஒரு பஸ் ஏற முடியவில்லை. ரொம்ப அசதியாக இருக்கிறது.

ஆகவே உன்னைக் கேட்கிறேன். நீ எங்கள் மன்றத்தில் உறுப்பினர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையைச் சத்யப்பிரியாவிடம் விட்டுவிட்டு நீ போ. எங்கள் பிள்ளைகள் பச்சைச் சட்டை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு தடவை நீ எதிரணி போட்ட கோலுக்கு, பந்து அழகாகப் போச்சே என்று எழுந்து நின்று கை தட்டியிருக்கிறாய். நம் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் போய் நில். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறும், நீயும் மாறிக்கொள். யோசனை எதுவும் சொல்லாதே, அவனுக்குக் காது ரொம்பக் கூர்மை. பந்து உள்ளே போனால் தலையில் கை வைக்காதே. கோல் விட்ட கீப்பர் முதலில் பின்னால்தான் திரும்பிப் பார்ப்பான், பந்தை எடுக்க. அந்த நேரத்தில் நம் ஆள் ஒருத்தர் சும்மா தலையை ஆட்டினால் போதும். வேறெதுவும் வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் எப்படி ஆடினான் என்று எனக்கு எழுது, போன் பண்ணாதே. அவனிடம் நான் அனுப்பியதாகச் சொல்லாதே, தற்செயலாக வந்ததாகச் சொல். நீ பொய் சொல்வதைப் பிள்ளை நம்பமாட்டான், இருந்தாலும் சொல்.

சத்யப்பிரியாவின் முழங்கால் வலி குறையட்டும். சுவேதா கணக்கில் தேறட்டும். உன் கடையில் ஸ்பீக்கர் கெட்டுப்போகட்டும். தில்லையில் இருப்பவன் உங்கள் எல்லோரையும் பார்த்துக்கொள்வான், அவனுக்கு ஒரு கால்தான் தரையில் என்றாலும் எந்த மன்றத்துத் தீர்மானமும் அவனைக் கட்டுப்படுத்தாது.

இப்படிக்கு,
உன் அக்காள் வீட்டுக்காரன், மன்றச் செயலாளர்,
மா. கொளஞ்சி

பி.கு.: வியாழக்கிழமை காலை. உறையை ஒட்டப் போனபோது உன் அக்காள் வாயைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை வேன் போகிறதாம். சிங்காரத்தின் மனைவி லோகநாயகி பேசி முடித்துவிட்டாராம். ஆண்டி அண்ணனின் மகள் கயல்விழி, அறிவுமதியின் அம்மா, எல்லாப் பெண்களும் கிளம்புகிறார்களாம். தீர்மானம் என்னாவது என்று கேட்டேன். "எத்தினி வருஷமா வெயில்ல நின்னு கத்தியிருக்கோம், என்னிக்காவது எங்கள உறுப்பினரா சேத்தீங்களா? சேக்காத ஆளுக்கு என்னா தீர்மானம்?" என்றாள். உண்மைதான் மச்சான். ஒரு பெண்ணின் பெயர்கூட மன்றத்தில் இல்லை, எங்களில் ஒருத்தனுக்கும் அது தோன்றவே இல்லை. எனக்கும் ஓர் இடம் கேட்டேன். "செயலாளருக்கு எடமில்ல. புள்ளைக்கு அப்பனா வந்தா வாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ராஜினாமாவை ஒரே வரியில் எழுதினேன், அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை. சிங்காரத்திடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, "நான் தலைவராச்சே, என்னுத யார்கிட்ட குடுக்கறது" என்று கேட்டு, என் கையெழுத்துக்குக் கீழேயே அவரும் ஒரு கையெழுத்துப் போட்டார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. இதைத் தபாலில் போடவில்லை, ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டு வந்து தருகிறேன். நீயும் ஆட்டத்துக்கு வா. ஆனால் வேறெங்காவது நின்றுகொள். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நான் நிற்கிறேன்.