எட்டுப் பேர், இரண்டு மண்வெட்டி

வரிப்பணம் வீணாவதை ஒரே வாரத்தில் நிரூபித்துக் காட்டுவது என்று குமாஸ்தா முடிவு செய்தார். நாட்டுக்காக அல்ல. நாடு அவரை எதுவும் கேட்கவில்லை. மனைவிதான் கேட்டாள்.

பதினோரு வருஷம் அவள் சரக்குக் கணக்கு எழுதிய, கூரை ஓடு விற்கும் கடையை இழுத்து மூடி நாலு மாதமாகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் ஓடும் மழைநீர்க் கால்வாயைத் தூர்வார, வேலையில்லாதவர்களை அரசாங்கம் சேர்த்துக்கொண்டிருந்தது. தினமும் எவ்வளவு வேலை நடந்தது என்று அளந்து எழுத ஓர் ஆள் வேண்டுமாம்.

"நான் போகட்டுமாங்க?"

"அது அரசாங்கம் சும்மா உண்டாக்குற வேலை. என் சம்பளத்துல பிடிக்கிற வரியை என் வீட்டுக்கே திருப்பி அனுப்புவாங்க. அதுக்கு நானே நேரா உன் கையில கொடுத்துடலாமே."

"கொடுங்களேன்."

குமாஸ்தா அவசரமாகச் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார்.

"ஒரு வேலை வெட்டி வேலையா இல்லையான்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்றாள் அவள். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற குரல்.

"ரொம்பச் சுலபம். அந்த ஆளை அங்கேருந்து தூக்கிடு. ஏதாவது நின்னுதா? நிக்கலைன்னா வெட்டி வேலை."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

கல்யாணமான பதினேழு வருஷத்தில் அவர் சொன்னதை அவள் இரண்டாவது தடவை சொல்லச் சொன்னது அன்றுதான். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். பூரித்துப்போய் மறுபடி சொன்னார்.

"அப்ப அஞ்சு நாள் லீவு போட்டு மாடியிலேருந்து பாருங்க. வெட்டி வேலைன்னு தெரிஞ்சா நான் அந்தப் பக்கமே போகலை. இல்லைன்னா திங்கக்கிழமை போய்ச் சேர்ந்துடுவேன்."

குமாஸ்தாவுக்கு வேலை பொதுப்பணி அலுவலகத்தின் சாமான் பிரிவில். அவர் கையெழுத்து இல்லாமல் அங்கே ஓர் ஆணிகூட வெளியே போகாது. மேஜை இழுப்பறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காரணம் என்ற இடத்தில் 'ஆராய்ச்சி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

முதல் நாளே பலன் கொட்டியது. கால்வாயில் எட்டுப் பேர். இரண்டு பேர் வெட்டினார்கள், ஆறு பேர் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, பார்த்தவர்களில் இரண்டு பேர் வெட்ட, வெட்டியவர்கள் பார்த்தார்கள். 'நாலில் மூன்று பங்கு வீண்' என்று நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டார். இரண்டாம் நாளும் அதே கதை.

மனைவி காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "அந்த ஆறு பேரும் ஏன் நிக்கிறாங்க?"

"சோம்பேறித்தனம்."

"நின்னுக்கிட்டே இருந்தா கால் வலிக்காது? சோம்பேறின்னா உட்கார்ந்திருப்பாங்களே. கேட்டுப் பாருங்களேன்."

"ஆராய்ச்சி பண்றவன் தள்ளி நின்னுதான் பார்க்கணும்."

ஆனால் கேள்வி உள்ளே புகுந்து குடைய ஆரம்பித்துவிட்டது. ஏன் உட்காரவில்லை? மூன்றாம் நாள் காலையில் பொறுக்க முடியாமல் இறங்கிப் போனார். கழுத்தில் விசில் தொங்கவிட்டிருந்த ஒரு பெண்மணிதான் அங்கே பொறுப்பு. எல்லாருக்கும் அவர் விசில் அக்கா.

"ஏம்மா, இவங்க ஏன் நிக்கிறாங்க?"

"மண்வெட்டி ரெண்டுதான் சார் இருக்கு. முறை போட்டு வெட்டுறோம். இன்னும் ஆறு கேட்டு எழுதி ரெண்டு வாரம் ஆச்சு. ஒருத்தர் கையெழுத்துப் போடணுமாம். காகிதத்தை இழுப்பறையில பூட்டிட்டு அவர் லீவுல போயிட்டாராம்."

"லீவா? எதுக்கு?"

"ஏதோ ஆராய்ச்சியாம் சார்."

சட்டைப்பையில் சாவி திடீரென்று கனத்தது. "அப்படியா," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

கையெழுத்துப் போடாவிட்டால் ஜெயம் நிச்சயம். ஆனால் அவர் யோக்கியர். அந்த ஒன்றில்தான் அவர் பிழைப்பே கெட்டது. நாலாம் நாள் முடி வெட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டு ஆபீசுக்கு ஓடினார். இழுப்பறையைத் திறந்து காகிதத்தை எடுத்தார். உருண்டை உருண்டையான எழுத்து, எங்கோ தினமும் பார்க்கிற எழுத்து மாதிரி இருந்தது. யோசிக்க நேரமில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

மனைவி அவர் தலையைப் பார்த்தாள். ஒரு முடிகூடக் குறையவில்லை. "நல்லா வெட்டியிருக்கான்," என்றாள்.

ஐந்தாம் நாள் எட்டு மண்வெட்டிகளும் இறங்கின. நாலு நாளில் நகராத சேறு மத்தியானத்துக்குள் கரையேறிவிட்டது. போன மழையில் அவருடைய செருப்பை அடித்துக்கொண்டு போன அதே இடத்தில் தண்ணீர் ஒழுங்காக ஓடியது. குமாஸ்தா நோட்டை மறந்து மாடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"முடிவைச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

"நாலு நாள் சுத்த வெட்டி. கடைசி நாள் பரவாயில்லை. ஆகமொத்தம் வெட்டி வேலைதான்."

"சரி. உங்க சோதனையையே வெச்சுப் பார்ப்போம். ஒரு ஆளை ஆபீஸ்லேருந்து தூக்கி மாடியில உட்கார வெச்சோம். ஏதாவது நின்னுதா?"

நிற்கவில்லை என்றால் அவர் வேலை வெட்டி வேலை. நின்றது என்றால், அந்த ஆறு பேரையும் நிற்க வைத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். குமாஸ்தா இரண்டு பக்கமும் வழி தேடிப் பார்த்தார்.

"நின்னுச்சு," என்றார் கடைசியில்.

"எத்தனை பேரு?"

"ஆறு பேரு." சொன்ன பிறகுதான் அவருக்கு அந்த உருண்டை எழுத்து ஞாபகம் வந்தது. அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிற மளிகைச் சீட்டின் எழுத்து. "அந்தக் காகிதம்..."

"நான்தான் எழுதிக் கொடுத்தேன். உங்க மேஜையில தூங்குதுன்னு விசில் அக்கா வந்து புலம்பினாங்க. நான் சொன்னா ஆபீஸ் விஷயத்துல தலையிடாதேம்பீங்க. அதான், மாடியிலேருந்து நீங்களே பார்க்கட்டும்னு விட்டேன்."

"அதுக்காக எல்லாம் லாபம்னு ஆயிடுமா? வரி கட்டுறவன் நான்."

"லாபமா நஷ்டமான்னு எனக்கும் தெரியலைங்க. தெரிஞ்சுக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு. அளந்து பார்த்தாதானே தெரியும்? அளக்கத்தான் என்னைக் கூப்பிடுறாங்க." அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மாடிப்படியில் நின்று திரும்பினாள்.

"அளக்குறதுக்கு நாடா கேட்டு நேத்தே எழுதிக் கொடுத்தாச்சு. திங்கக்கிழமை உங்க மேஜைக்கு வரும். ஆராய்ச்சிக்குப் போகாம கையெழுத்தைப் போட்டுடுங்க."