ஸ்டிக்கர் அக்கா பரிவை அளந்த விதம்

திருப்பூரில் பனியனை அளக்க ஆயிரம் பேர் உண்டு. மனிதர்களின் பரிவை அளக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்: எங்கள் ஸ்டிக்கர் அக்கா. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, நர்சிங் தெரியாது. காய்ச்சல் வந்தால் ஊசிக்குப் பயந்து கசாயம் குடிப்பவர்.

நான் படித்த நர்சிங் கல்லூரியில் திடீரென்று ஒரு புதிய தேர்வு வந்து சேர்ந்தது. பெயர் 'எம்பதி பிராக்டிகல்'. ஒருவர் நோயாளியாக நடிப்பார், மாணவி போய்ப் பேச வேண்டும், ஓரமாக உட்கார்ந்து டியூட்டர் மார்க் போடுவார். கண்ணைப் பார்த்தாளா, தலையை ஆட்டினாளா, 'உங்கள் வலி எனக்குப் புரிகிறது' என்றாளா என்று மார்க் போடும் ஆங்கிலப் பாரத்தில் இருபது கேள்விகள். அடுத்தவர் வலியைத் தன் வலியாக உணர எங்களுக்குக் கொடுத்த நேரம் எட்டு நிமிடம்.

நடிக்க அக்காவைப் பிடித்து வந்தார்கள். பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் பதினெட்டு வருடம் நின்றவர். அங்கே துணியில் ஓட்டையோ தையல் பிசகோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வேலையை விட்டவர் ஸ்டிக்கர் தாளை விடவில்லை. பாரத்தை அவரால் படிக்க முடியாது, ஆகவே பிசகு எங்கேயோ அங்கேயே ஒட்டினார். ஸ்டிக்கர் விழுந்தாலும் ஃபெயில், பாரத்தில் மார்க் குறைந்தாலும் ஃபெயில். வாட்ச்சைப் பார்த்தவளுக்கு வாட்ச்சில். கொட்டாவியை மென்று விழுங்கியவளுக்குத் தாடையில். ஒருமுறை மேற்பார்வைக்கு வந்த பிரின்சிபால், ஒரு வார்த்தை கேட்காமல் நோயாளியின் போர்வையை இழுத்துப் பார்த்தார். அன்று மாலைவரை முழங்கையில் அம்புக்குறியோடு கல்லூரியைச் சுற்றினார். சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

நான் மனப்பாடப் புலி. முதல் தடவை உள்ளே நுழைந்ததும், "உங்கள் வலி எனக்குப் புரிகிறது" என்று கணீரென்று ஒப்பித்தேன்.

"எங்க வலிக்குதுன்னு நான் இன்னும் சொல்லவே இல்லீங்களே கண்ணு. அதுக்குள்ள என்னத்தைங்க புரிஞ்சுது?" என்று கேட்டு, என் உதட்டுக்குக் கீழே ஒட்டினார்.

இரண்டாம் தடவைக்குக் கண்ணாடி முன்னால் ஒரு வாரம் அழுது பழகினேன். அக்காவின் கையைப் பிடித்து, சரியாக மூன்றாவது நிமிடத்தில் கண் கலங்கினேன். டியூட்டரே அசந்துவிட்டார். அக்கா அசரவில்லை. "இது சரக்கு வாங்க வர்ற பையருக்குக் காட்டற சாம்பிள் பீஸுங்க கண்ணு. ஆர்டர் இப்படி வராது" என்று இரண்டு கையிலும் ஒட்டிவிட்டார்.

மூன்றாம் தடவையும் போனால் ஒரு வருடம் போச்சு. தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த என் அம்மா, மகள் இந்தத் தீபாவளிக்குள் நர்ஸ் என்று கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

மூன்றாவது தேர்வன்று அக்காவுக்கு வயிற்று வலி வேஷம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முனகினார். நான் வாயைத் திறந்தேன். பயத்தில் படித்த ஒன்றும் வரவில்லை. திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன், பார்வை தன்னால் கீழே போனது. உயரமான கட்டில். தரை எட்டாமல் தொங்கிய அந்தக் கால்கள் இரண்டும் கணுக்கால்வரை வீங்கியிருந்தன. இத்தனை தேர்வில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, "கால் எத்தனை நாளா இப்படி வீங்குதுக்கா?" என்றேன்.

"எனக்கு வயித்து வலிங்க கண்ணு" என்று ஞாபகப்படுத்தினார்.

"அது இருக்கட்டும். முதல்ல காலைத் தூக்கி இதுல வைங்க."

அக்கா வைத்தார். அதன்பிறகு முனகவே இல்லை, நடிக்க மறந்துவிட்டார். வீக்கத்தைப் பற்றி நான் கேட்கக் கேட்க, செக்கிங் டேபிள் கதையெல்லாம் சொன்னார். மணி அடித்தது. டியூட்டர் பாரத்தைப் படித்தார்: வயிற்று வலி பற்றிக் கேட்கவில்லை, தலை ஆட்டவில்லை, 'புரிகிறது' சொல்லவில்லை. மூன்றாவது முறையாக ஃபெயில். எனக்கு அம்மாவின் முகம்தான் கண்முன் வந்தது.

அக்கா இறங்கி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காலரிலிருந்து அடி மடிப்புவரை என்னைப் பார்த்தார். திரும்பி நிற்கச் சொல்லி முதுகையும் பார்த்தார். ஸ்டிக்கரைப் பிய்த்தார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். அவர் நேராகப் போய் டியூட்டர் கையிலிருந்த பாரத்தில் ஒட்டினார்.

"பீஸ் ஓகேங்க. டேமேஜு இதுலதானுங்க."

பிரின்சிபால்வரை பஞ்சாயத்து போனது. "பேஷண்டு நானுங்க. எனக்கு நல்லா இருந்துச்சுங்க" என்பதைத் தவிர அக்கா வேறு எதுவும் பேசவில்லை. பிரின்சிபால் ஒருகணம் தன் முழங்கையைத் தடவிக்கொண்டார். பிறகு நான் பாஸ் என்று கையெழுத்துப் போட்டார்.

இப்போது ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். போன மாதம் கால் வீக்கம் என்று அக்கா வந்தார், இந்தமுறை நடிப்பில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காலைத் தூக்கி வைத்தேன். அவர் பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, என் காலரிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். சொல்வதற்கு முன்பே நான் முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன்.