கேட்காமல் வந்த குரல்

"வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்!"

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குழைந்து குழைந்து வந்தது ஒரு பெண் குரல். மெஷினை மிதித்துக்கொண்டிருந்த தையல்காரியின் கால் அப்படியே நின்றது. அறைக்குள் இருந்தது அவள் கணவர் ஒருவர்தான்.

கதவைத் தள்ளினாள். அவளைப் பார்த்ததும் அவர் லேப்டாப்பைப் படக்கென்று மூடினார்.

"யாருங்க அது?"

"எது?"

"பொம்பளைக் குரல் கேட்டுதே!"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் அவர், பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிற முகம். பொய் சொன்னால் மூக்கு நுனி சிவந்துவிடும். அன்றைக்குச் சிவக்கவில்லை. மனுஷன் பொய்யில் தேறிவிட்டார் என்று அவள் முடிவுகட்டினாள்.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணன் பூட்டு ரிப்பேர்காரர். எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுவது அவருக்குத் தொழிலோடு வந்த குணம்.

"மாப்பிள்ளை கொஞ்ச நாளா எப்படி இருக்கார்?"

"கூப்பிட்டா திரும்பறதே இல்லண்ணா. ஆனா பேச ஆரம்பிச்சா கண்ணெடுக்காம என் மூஞ்சியையே பார்க்கறார். கல்யாணமான புதுசுலகூட இப்படிப் பார்த்ததில்ல."

"போச்சு! தப்பு பண்றவன்தான் இப்படிக் குழைவான். நீ வெளியில நின்னு இருமு. ஆள் இருக்குன்னு தெரிஞ்சா அடங்கிடுவார்."

மறுநாள் இருமினாள். குரல் அடங்கவில்லை. பாத்திரங்களை உருட்டினாள். அதுவும் பலிக்கவில்லை. "வெட்கப்படாதீங்க, ஒரே ஒரு தடவை நேர்ல வாங்க" என்று அது கெஞ்சியது. மாடிவீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன, வீட்ல விருந்தாளியா?" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

மானம் போகிறதே என்று தையல்காரி மெஷினைக் கடகடவென்று ஓட்டி அந்தக் குரலை அமுக்கப் பார்த்தாள். ஓட்டின வேகத்தில் யாரோ ஒருவருடைய சட்டையின் இரண்டு கைகளும் சேர்ந்து தைக்கப்பட்டுவிட்டன. ஊசி முறிந்து மெஷின் நின்ற நேரமாகப் பார்த்து, "யாருக்கும் தெரியாது! வீட்ல இருக்கிறவங்களுக்குக்கூடத் தெரியாது!" என்றது குரல். அதைக் கேட்காதவர் தெருவில் ஒருவர் பாக்கியில்லை.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். அவர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சனிக்கிழமை காலை அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மா, ஒரு சிநேகிதரைப் பார்க்க."

இந்தத் தடவை மூக்கு சிவந்தது.

அண்ணனும் தங்கையும் பின்னாலேயே போனார்கள். ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடிக்கு அவர் ஏறினார். வாசல் போர்டைப் படிக்கிற பொறுமையெல்லாம் அவளுக்கு இல்லை. கதவைத் தடாலென்று திறந்தாள்.

"வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான்..."

அதே குரல்! மேஜைக்குப் பின்னால் தலை நரைத்த ஒரு பெண்மணி. எதிர் நாற்காலியில் இவள் கணவர். வாயிலில் நின்றவளைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது.

"தினம் என் வீட்டுக்குள்ள வந்து இவரைக் கூப்பிடறது நீங்கதானா?"

"அது எங்க வெப்சைட்டும்மா. திறந்தா என் குரல் தானா பேசும்."

"பேசலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பேசக் கூடாதா? தெருவே சிரிக்குது! இத்தனை கத்தலுக்கு இதுவரைக்கும் ஒருத்தர்கூடவா புகார் சொல்லல?"

"எந்தக் கத்தல்?" என்றார் கணவர், அவள் உதட்டையே பார்த்தபடி.

அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"காது மெஷின் விக்கிற கடைம்மா இது, வெப்சைட்டுல சத்தம் வருதுன்னு எங்க கஸ்டமர் ஒருத்தர்கூட இதுவரைக்கும் சொன்னதில்ல."