இருமலில் வந்த உப்பு

அன்பும் பண்பும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு அத்தான் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் குழந்தைகளும் அப்படியே இருக்க வேண்டும்.

நிற்க. முதியவர்களின் ஞாபகசக்தி ஆராய்ச்சியில் எங்கள் பெயரைச் சேர்த்துவிட்டு, "டேப்லெட் வரும் அத்தான்" என்றீர்கள். நான் மாத்திரை என்று நினைத்து, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டு உங்களைச் சிரிக்க வைத்தேன். வந்தது பலகை மாதிரி ஒரு சாமான். அதில் ஒரு பெண் தோன்றி, "ஐயா, உங்க நெத்தி மட்டும்தான் தெரியுது" என்றாள். முகத்தைக் கொண்டுவருவதற்குள் எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகம் சொல்ல முடியுமோ சொல்லச் சொன்னாள். நாய், பூனை, மாடு என்று ஆரம்பித்தவன், அதற்குமேல் ஓடாமல் வாடகை வாங்க வரும் எங்கள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிவிட்டேன். பிறகு ஐந்து சொற்கள் கொடுத்தாள், நடுவில் இணைப்பு போய் அவள் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள், அந்த வாயைப் பார்த்து நான் ஐந்தையும் ஒப்பித்தேன், அவள் திரும்பி வந்து கேட்டபோது ஒன்றுகூட வரவில்லை.

அதாவது போகட்டும். மறுநாள் உங்கள் அக்காவின் முறை. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தபோது ஊர் எண்களையெல்லாம் மனதில் வைத்திருந்தவள்தானே என்று நான் நிம்மதியாகக் கதவுக்கு வெளியே நின்றேன். அவளுக்குக் கொடுத்த ஐந்து சொற்கள்: குடை, ஊசி, சாலை, மாடு, உப்பு. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் திரும்பக் கேட்டாள். சத்தமே இல்லை. எனக்குப் பொறுக்குமா? இருமுகிற மாதிரி ஒரு சொல்லை உள்ளே அனுப்பினேன்.

"ஐயா, உங்க இருமல்ல உப்புன்னு கேக்குது. தயவுசெஞ்சு தள்ளிப் போங்க."

அன்றைய சோதனை செல்லாது என்று சொல்லிவிட்டாள். உள்ளே போனேன். உங்கள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருங்க அந்தப் பொண்ணு? பாவம், அஞ்சு வார்த்தைகூட ஞாபகம் இல்லாம நம்மகிட்ட வந்து கேக்குது" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆகவே எங்கள் பெயரை உடனே எடுத்துவிடச் சொல்லுங்கள். அக்காவுக்கு ஒன்றுமில்லை, தூக்கம் சரியில்லை, அவ்வளவுதான். வீட்டில் எல்லாருக்கும் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்காதீர்கள். பெயர் இருக்கட்டும். இன்று காலை உங்கள் அக்கா தலைவாரி, நல்ல புடவை கட்டி, அணைந்து கிடந்த பலகைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பொண்ணு வருமில்ல? அதுக்குச் சொல்லிக் குடுக்கணும்" என்றாள். நானே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, வீட்டில் சில மாதங்களாக நடப்பதையெல்லாம் சொன்னேன். "அம்மாவ ஒரு டாக்டர் பாக்கட்டும் ஐயா" என்றாள். திங்கட்கிழமை போகிறோம். நீங்களும் வந்தால் எனக்குத் தெம்பு. வந்ததும், "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்டுவிடாதீர்கள். வாசலிலேயே உங்கள் பெயரைச் சொல்லிவிடுங்கள்.