ஆள் வந்தால் போதும்

"கண்ணாடியப் பாருங்க... ஸ்டியரிங்க ஒடிங்க... மெதுவா, மெதுவா பின்னால வாங்க" என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கார் குலுங்கி நின்றது.

"நான் ஒழுங்காத்தானே வந்தேன்? எதுக்கு பிரேக் போட்டீங்க?" என்றார் ஸ்டியரிங்கில் இருந்த டீச்சரம்மா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் ஓட்டக் கற்றுக்கொண்டே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்து, டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்று, ஒவ்வொரு முறையும் டெஸ்ட் வைத்த அதிகாரிக்குத்தான் கணக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வருபவர்.

டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மாஸ்டரின் கால் எப்போதும் அதன் மேல்தான். நாய் குறுக்கே வந்தாலும் மிதிப்பார், வருமோ என்று தோன்றினாலும் மிதிப்பார். ஊரில் அவருக்கு 'பிரேக் மாஸ்டர்' என்றே பெயர். பாவம், பயந்த மனுஷன்.

காரின் ஸ்பீக்கரிலேயே போன் பேசிற்று.

"சார், பெரிய டாக்டர் உங்கள வியாழக்கிழமை பாக்கணும்கிறாரு."

"அடுத்த மாசம்தானேம்மா வரச் சொல்லியிருந்தீங்க?"

"அது தெரியும் சார். ஆனா உடனே பாக்கணுமாம். உங்க வீட்டம்மாவையும் கட்டாயம் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"போன வாரம் எடுத்த ஸ்கேன் ரிசல்ட் வந்துடுச்சாம்மா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். எல்லாம் டாக்டர் நேர்லயே பேசிக்கிறேன்னாரு."

"பழைய ரிப்போர்ட், ஃபிலிம் எல்லாம் எடுத்துட்டு வரட்டுமா?"

"எதுவும் வேணாம் சார், ஆள் வந்தா போதும். ஆங், மறந்தே போச்சு. மத்தியானம் வழக்கமா என்ன சாப்பிடுவீங்களோ அதைக் கட்டி எடுத்துட்டு வாங்க."

போன் வைக்கப்பட்டது. மாஸ்டர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவேயில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். அந்தப் பெரிய டாக்டர்தான் குழாயை வெட்டியெடுத்து, வயிற்றையே குழாய் மாதிரி சுருட்டி மேலே இழுத்து, கழுத்தோடு சேர்த்துத் தைத்தார். அன்றிலிருந்து மாஸ்டருக்கு வயிறு நெஞ்சுக்குள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட வேண்டும். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டே தூங்க வேண்டும். பயத்தில் வயிற்றில் புளியைக் கரைக்கும் என்பார்களே, மாஸ்டருக்கு அது நெஞ்சிலேயே கரைந்தது.

"அஞ்சு வருஷத்தத் தாண்டிட்டா அப்புறம் பெரிசா பயப்பட வேணாம்" என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமையோடு ஐந்து வருஷம் முடிகிறது. மனைவி ஹால் பிடித்து, கேக் சொல்லி, சொந்தக்காரர்களையெல்லாம் அழைத்துவிட்டாள். இந்த நேரத்தில்தான் இந்த போன்.

"நல்ல சேதியா இருந்தா போன்லயே சொல்லியிருப்பாங்களே டீச்சரம்மா?" என்றார் மாஸ்டர்.

டீச்சரம்மா கணக்குப் போட்டுப் பார்த்தார். "ரிப்போர்ட் வேணாம்னா, புதுசா ஏதோ கண்டுபிடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். சம்சாரத்தக் கூட்டிட்டு வரச் சொன்னா, தனியா கேட்டா தாங்க மாட்டீங்கன்னு அர்த்தம்."

"சாப்பாடு எதுக்குக் கட்டிட்டு வரணும்?"

"முழுங்க முடியுதான்னு பாப்பாங்களா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும், "தப்பாவும் இருக்கலாம். நானும் கணக்குல தப்புப் பண்ணுவேன்" என்று முதல்முறையாக ஒப்புக்கொண்டார். அதுதான் மாஸ்டரை இன்னும் கலக்கியது.

அன்று மத்தியானம் ரொட்டித் துண்டு தொண்டையில் நின்றது. நேற்றுவரை நிற்கவில்லை. தண்ணீர் குடித்தார், தண்ணீரும் யோசித்து யோசித்து இறங்கியது. போச்சு, திரும்பவும் வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்.

அவருக்குச் சாவைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. மனைவி இந்த ஐந்து வருஷமும் அவர் இருமினால் எழுந்து உட்கார்ந்தவள். ஞாயிற்றுக்கிழமைக்காகப் பூரித்துக் கிடக்கிறாள். வியாழக்கிழமை இடி விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை ஏது? விழாவை முதலில் முடித்துவிட வேண்டும். அவள் ஒரு நாளாவது வாய்விட்டுச் சிரிக்கட்டும். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்ததும், "இந்தா, நம்ம விழாவ புதன்கிழமையே வச்சுக்கலாமா?" என்றார்.

"ஏங்க?"

"ஞாயித்துக்கிழமை... எனக்கு நிறைய கிளாஸ் இருக்கு."

எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பவள், "சரிங்க" என்று உள்ளே போய்விட்டாள். மாஸ்டருக்கு அதுவே ஒரு மாதிரி இருந்தது. பின்னாலேயே போய், "வியாழக்கிழமை உனக்குத் துணி எடுக்கக் கடைக்குப் போலாம்" என்றார்.

"சரிங்க" என்றாள் மறுபடியும். கல்யாணமான நாளிலிருந்து அவராக வாய்திறந்து துணி எடுத்துத் தருகிறேன் என்று சொன்னதில்லை. அவள் ஆச்சரியப்படக்கூட இல்லை.

தேதி மாற்றும் வேலை மச்சினன் தலையில் விழுந்தது. மனைவியின் தம்பி. போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். எந்த வேலையையும் பாதி காதில் வாங்கிக்கொண்டு முழு வேகத்தில் செய்து முடிப்பவன்.

"ஹாலுக்கு நான் பொறுப்பு மாமா. கேக்குக்கும் நானே சொல்லிடுறேன். நீங்க நிம்மதியா இருங்க" என்றான். அவன் இப்படிச் சொல்லும்போதெல்லாம் யாருக்கும் நிம்மதி இருந்ததில்லை.

விழா திடீரென்று முன்னால் தள்ளப்பட்டது என்றதும் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் விடாமல் போன் போட்டார்கள். ஏன் அவசரம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் மச்சினன், "அதெல்லாம் கேக்காதீங்க, மாமா முகமே சரியில்ல, எல்லாரும் வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுங்க" என்று பதில் சொல்லியிருக்கிறான். எதைக் கேட்டாலும் உண்மையைச் சொல்லித் தொலைக்கும் குணம் அவனுக்கு.

புதன்கிழமை சாயங்காலம் மாஸ்டர் ஹாலுக்குள் நுழைந்தார். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். மேடையில் ஒரு ஸ்டாண்டில் பெரிய வெள்ளை மலர்வளையம் இருந்தது.

"அது நமக்கில்ல மாமா" என்று மச்சினன் ஓடிவந்தான். "மத்தியானம் இங்க ஒரு இரங்கல் கூட்டம். இன்னும் எடுக்கல. அது முடிஞ்சு சாயங்காலம் காலியா இருந்துச்சு, அதான் ஹால் கிடைச்சுது."

"எடுத்துத் தொலைடா!"

அவன் மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். வாசலில் வந்துகொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், உள்ளே மாஸ்டரைப் பார்த்தார்கள், நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள்.

கேக் பெட்டியைத் திறந்தார்கள். அவருடைய போட்டோவைப் போட்டு, அழகான எழுத்தில் 'ஐந்தாம் ஆண்டு நினைவு' என்று எழுதியிருந்தது.

"நான் அஞ்சு வருஷம், மாமா போட்டோன்னுதான் மாமா சொன்னேன்! அவனா எழுதிட்டான்!"

"வேற எதுவும் சொல்லலையா நீ?"

"அஞ்சு வருஷம் எப்படிப் போச்சுன்னே தெரியல, நேத்துதான் நடந்த மாதிரி இருக்குன்னேன்."

மச்சினன் கத்தியை எடுத்து அந்தக் கடைசிச் சொல்லைச் சுரண்டினான். க்ரீம் பெயர்ந்துகொண்டே போய் போட்டோவையும் கொஞ்சம் கொண்டுபோனது. முகம் தப்பித்தது, கழுத்து போய்விட்டது. மாஸ்டர் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அப்போது அவருடைய அக்கா வந்தாள். அம்மாவின் தையல் மெஷின் யாருக்கு என்று சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவள். வந்தவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மெஷின நீயே வச்சுக்கடா" என்றாள்.

மாஸ்டர் கையை உருவிக்கொண்டார். ஸ்கேன்கூடப் பொய் சொல்லலாம். அக்கா விட்டுக்கொடுக்கிறாள் என்றால் சங்கதி முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

"வேணாம்க்கா, நீயே எடுத்துக்க" என்றார் அவசரமாக, சண்டை போட்டால் பிழைத்துவிடலாம் என்பதுபோல.

"இல்லடா, உனக்குத்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு வேணாம்ங்கிறேன்ல!"

கேக்கை வெட்டினார்கள். கைதட்டினார்கள், மெதுவாக, ஆஸ்பத்திரியில் நடப்பவர்கள்போல. மாஸ்டர் ஒரு விள்ளலை வாயில் போட்டார். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு இனிப்பு அவருக்கு ஆகாது. உள்ளே போனதும் வேர்த்துக் கொட்டிப் படபடப்பு வந்துவிடும். அப்படியே வந்தது. மாஸ்டர் வேர்த்து விறுவிறுத்து நாற்காலியைப் பிடிக்க, கூட்டத்தில் ஒருத்தி ஓவென்று அழ, அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் அழ, மச்சினன் பாட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று பாட்டுப் போட்டான். அது மத்தியானம் இரங்கல் கூட்டத்துக்குப் போட்ட சோகக் குழலிசையாக இருந்தது.

மாஸ்டர் பின்பக்கப் படிக்கட்டுக்கு ஓடினார். அங்கே ஏற்கனவே மனைவி உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நீ சிரிக்கணும்னுதான் இத்தனையும் பண்ணேன்" என்றார் மாஸ்டர்.

"தெரியும். எனக்கும் போன் வந்துச்சு."

"எப்போ?"

"அன்னைக்கேதான். நான் கட்டாயம் கூட வரணும்னு தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க. நீங்களாச்சும் சந்தோஷமா இருக்கட்டும்னு வாயத் தொறக்கல."

மாஸ்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே சோகக் குழல் நிற்காமல் ஊதிக்கொண்டிருந்தது.

"எனக்கு பயமா இருக்கு" என்றார் மாஸ்டர். "இன்னொரு தடவ என்னால முடியாது. மூக்குல அந்தக் குழாய், அந்த வலி. எனக்குச் சாகவும் பயம், அதுக்கும் பயம்."

"எனக்கு மட்டும் என்னவாம்? ராத்திரி நீங்க மூச்சு விடுறீங்களான்னு கைய வச்சுப் பாத்துட்டுத்தான் இத்தன வருஷமா தூங்குறேன்." அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நாளைக்கு என்ன சொன்னாலும் சேந்தே கேப்போம்."

வியாழக்கிழமை மாஸ்டர் கார்ச் சாவியைக் கையில் எடுத்தார். சாவி, துவாரத்தைத் தவிர எல்லா இடத்திலும் குத்தியது. வகுப்புக்கு வந்து நின்ற டீச்சரம்மா சாவியை வாங்கிக்கொண்டார்.

"ஏறுங்க. நான் ஓட்டுறேன்."

மாஸ்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். மனைவி பின்னால், சாப்பாட்டு டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. டீச்சரம்மா ஒரு பஸ்ஸுக்கும் ஒரு லாரிக்கும் நடுவில் புகுந்து வந்தார். சிக்னலில் சிவப்பு எப்போது விழும் என்பதை மனக்கணக்குப் போட்டு, கணக்குத் தப்பி, நடுச் சாலையில் நின்றார். நாலு பக்கமும் ஹாரன் அலறியது. மாஸ்டரின் கால் பிரேக்கின் பக்கமே போகவில்லை.

"என்ன மாஸ்டர், நல்லா ஓட்டுறேனா?"

"நல்லா ஓட்டுறீங்க" என்றார் மாஸ்டர், வெளியே பார்த்தபடி. மனைவி டப்பாவோடு முன்னால் சாய்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். நம்பிக்கை அடியோடு போனால்தான் மனுஷன் இப்படிப் பேசுவான்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அவர்களுக்காகவே வாசலில் காத்திருந்தாள். "வந்துட்டீங்களா? அப்பாடா! காலைலேர்ந்து நூறு தடவ கேட்டாச்சு" என்று அவசரமாக நடந்தாள். டாக்டரைப் பார்க்கும் அறைகளைத் தாண்டிப் போனாள். லிஃப்டில் ஏற்றினாள். ஆபரேஷன் நோயாளிகள் தங்கும் மாடியில் இறக்கினாள்.

"நேரா படுக்க வச்சுடுவாங்க போல" என்று மாஸ்டர் மனைவியின் காதில் சொன்னார். அவள் அவர் கையை இறுக்கினாள்.

எதிரில் வந்த இன்னொரு நர்ஸ் மாஸ்டரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "இவர்தானா? நல்லாத்தானே நடக்குறாரு" என்றாள். மாஸ்டருக்கு அந்த நடையும் நின்றுவிட்டது. முன்னால் போன நர்ஸ் திரும்பி வந்து முழங்கையைப் பிடித்து அழைத்துப்போய், கடைசி அறையின் கதவருகே நிறுத்தினாள்.

"சாப்பாடு எடுத்துட்டு வந்தீங்களா?"

மனைவி டப்பாவைக் காட்டினாள்.

"உள்ள போனதும் அழக் கூடாது. ரெண்டு பேரும் தைரியமா இருக்கணும், சரியா?"

மாஸ்டரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், மறைக்காம சொல்லிடுங்க. எனக்கு இன்னும் எத்தன நாளு?"

நர்ஸ் கதவின் பிடியில் கை வைத்தபடி அவரை விநோதமாகப் பார்த்தாள். பிறகு உள்ளே கேட்டுவிடாமல் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்கு என்ன சார், உங்க ஸ்கேன் சுத்தமா இருக்கு, உள்ள படுத்திருக்கிறது நம்ம பெரிய டாக்டர், நாளைக்கு அவருக்கு இதே ஆபரேஷன், இதைப் பண்ணிக்கிட்டுப் பொழச்ச ஆள் ஒருத்தர் வீட்டம்மாவோட எதிர்ல உக்காந்து சாப்பிடுறதக் கண்ணால பாத்தாத்தான் சம்மதிப்பேன்னு பயந்துபோய் அடம்பிடிக்கிறாரு!"