மூடி மூடியாய்க் குடித்தேன், மச்சான்!

மரியாதைக்குரிய பெரிய மச்சானுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள், இருக்கவேண்டும். இங்கே உங்கள் தங்கை சுகம். மாடிவீட்டுப் பூனைகூடச் சுகம். என்னைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

போன தடவை நீங்கள் வந்தபோது, வெறும் வயிற்றில் எரிகிறது, சாப்பிட்டால் அடங்குகிறது, அப்புறம் மறுபடி எரிகிறது என்று நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு முனகினேன். நீங்கள் பையிலிருந்து அந்த வெள்ளை மருந்துப் புட்டியை எடுத்து, "அட, இதுக்கா அழறீங்க? ஒரு மூடி ஊத்திக்குங்க மாப்பிள்ளை, ஆசிட்டெல்லாம் அடங்கிடும். நான் வருஷக்கணக்கா இதுலதான் ஓட்டறேன்" என்றீர்கள். ஊற்றிக்கொண்டேன். சுண்ணாம்பைக் கரைத்துக் குடித்த மாதிரி இருந்தாலும் எரிச்சல் பட்டென்று நின்றது. தெய்வமே மச்சான் உருவத்தில் வந்ததென்று நினைத்தேன். அங்கே பிடித்தது சனி.

கொஞ்ச நேரத்தில் எரிச்சல் திரும்பி வரும்; இன்னொரு மூடி. அப்புறம் மூடி எதற்கென்று புட்டியோடு வாயில் கவிழ்த்தேன். விளைவு? ரயில் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து வண்டி வருவதையும் போவதையும் சொல்கிறவன் நான். ஒருநாள் காலை, கூட்டம் நெரியும் நேரம், வயிறு திடீரென்று இளகிவிட்டது. மைக்கை அணைக்க மறந்து, "ஐயோ, போகுது, போகுது!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். வண்டிதான் போகிறதென்று நிலையமே என் பின்னால் ஓடிவந்தது. ஒரு கல்யாணக் கோஷ்டி பாதி ஒரு வண்டியிலும் பாதி வேறு வண்டியிலும் ஏறிவிட்டது. நிலைய அதிகாரி கூப்பிட்டு, "அறிவிப்புல தெளிவு வேணும்யா. போறது வண்டியா, நீயா?" என்று கேட்டார்.

மருந்துக்கடைக்காரரிடம் அழுதேன். "அதுல இருக்கிற மெக்னீசியம் இளக்கிவிடும் சார். அலுமினியம் இருக்கறதைத் தர்றேன், கட்டும்" என்றார். கட்டியது மச்சான், கட்டியது! பூட்டுப் போட்டுச் சாவியைக் கிணற்றில் எறிந்த மாதிரி கட்டியது. ஆனால் வலி இல்லை. வலி இல்லாவிட்டால் புண் ஆறிவிட்டது என்றுதானே அர்த்தம்? தைரியமாக இடுப்புவலி மாத்திரைகளையும் விழுங்கிக்கொண்டிருந்தேன். பிறகு மலம் தார் மாதிரி கறுத்தது. அதையும் மருந்தின் மகிமை என்றே நினைத்தேன். கடைசியில் மைக் மேலேயே மயங்கி விழுந்தேன். அந்தச் சத்தத்தையும் நிலையம் முழுக்கக் கேட்டார்கள்.

டாக்டரம்மா கேமராக் குழாயைத் தொண்டை வழியாக விட்டுப் பார்த்துவிட்டு, "சிறுகுடல் ஆரம்பிக்கிற இடத்துல புண். ரத்தம் கசிஞ்சிருக்கு" என்றார்.

"புட்டி புட்டியா மருந்து குடிச்சேனே டாக்டர்!"

"அதனாலதான் வலி தெரியல. இருக்கிற ஆசிட்டை அது கொஞ்ச நேரம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். கிருமி ஒண்ணு உள்ளே குடித்தனம் நடத்துது. போதாததுக்குப் புண்ணைக் கிளறிவிட இந்த இடுப்புவலி மாத்திரை வேற. வீடு பத்தி எரியும்போது புகையை மட்டும் விசிறிக்கிட்டு இருந்திருக்கீங்க."

கிருமியைக் கொல்ல மாத்திரை, ஆசிட் சுரப்பதைக் குறைக்க மாத்திரை என்று கொடுத்தார். நம்ம புத்தி எங்கே போகும்? மாத்திரை நல்லா வேலை செய்யட்டும்னு ஒவ்வொரு மாத்திரையையும் அந்த வெள்ளை மருந்தை ஊத்தியே முழுங்கினேன். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டையும் ஒண்ணாக் குடிச்சா மாத்திரையை உடம்புல சேரவிடாதுங்க!" ஆக, எல்லாம் முதலிலிருந்து. அந்த மாத்திரைகளால் வாயில் எந்நேரமும் துருப்பிடித்த ஆணி சப்பும் ருசி. என்னை மைக்கிலிருந்து எடுத்து, தொலைந்த பொருள் அறைக்கு மாற்றிவிட்டார்கள். யாரும் தேடிவராத குடைகளுக்கு நடுவில் நானும் ஒரு குடையாக உட்கார்ந்திருந்தேன்.

என் கதை முடிந்தது மாதிரிதான் மச்சான். இப்படிக் கெட்டவன் கேட்கிறேன்: அந்தப் புட்டியை நம்பாதீர்கள். உடனே வந்து கேமரா வைத்துப் பாருங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உயிர் இருந்தால் மறுபடி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
வயிற்றால் கெட்ட உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, இது நான் எழுதறது. அவர் குளிக்கப் போயிருக்கார். பாட்டு தெருவரைக்கும் கேக்குது. பயந்துடாதே. போன வாரம் மறுபடி குழாய் விட்டுப் பாத்தாங்க, புண் சுத்தமா ஆறிடுச்சு. மைக் வேலையும் திரும்பக் கிடைச்சாச்சு. "குணமாயிட்டேன்னு எழுதினா, பாத்தியா, என் மருந்துதான் காப்பாத்துச்சுன்னு உங்கண்ணன் இன்னும் ரெண்டு புட்டி வாங்கிடுவார்"னு சொல்லித்தான் இப்படிச் சாகற மாதிரி எழுதியிருக்கார். நீ ரொம்ப இளைச்சுட்டேன்னு அண்ணி போன்ல சொன்னதிலேர்ந்து மனுஷனுக்கு ஒரு வாய் இறங்கல. டாக்டரம்மாகிட்ட உனக்கு நேரம் வாங்கி வச்சிருக்கறதும் இவர்தான். வந்துடு அண்ணா. நான் சொன்னேன்னு மட்டும் காட்டிக்காதே.